படத்தின் பின்பக்கம்: ஒரு ரயில் ரசிகரின் நினைவாக

எங்கள் ரயில் ரசிகர் வட்டத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பள்ளிக்கூடப் பையன்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பேரன் எடுத்தவர்களும் அப்படித்தான். போன மழைக்காலத்தில் தென்காசியில் தம் வீட்டிலேயே காலமானார். பெயர் எல்லாம் போட வேண்டாம் என்று அவர் மனைவி, எங்கள் மதினி, சொல்லியிருப்பதால் இங்கேயும் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். அவரிடம் நாங்கள் கற்றதையும், அவர் விட்டுப் போனதை எடுத்து வைத்த விதத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டால் மற்றது புரியாது.

அவர் ரயில்வே ஊழியர் இல்லை, ஆர்.எம்.எஸ். எனும் ரயில் தபால் பிரிவில் இருந்தவர். ஓடும் வண்டியில் தபால் பெட்டிக்குள் நின்றுகொண்டு, சுவரை ஒட்டி வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன அறைகளில் ஊர் வாரியாகக் கடிதம் பிரித்துப் போடுகிற வேலை. ராத்திரி முழுக்க வண்டி ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த ஊருக்கான பை தயாராக வேண்டும் என்றால் ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைக் காதால் தெரிந்துகொள்ளப் பழகினார். பாலத்தில் ஏறினால் ஒரு சத்தம், யார்டுக்குள் தண்டவாளம் பிரியும் பாயின்டில் மாறும்போது ஒரு சத்தம், வளைவில் சக்கரம் தண்டவாளத்தை உரசும்போது இன்னொரு சத்தம். ரயில் மேல் அவருக்கு வந்த பிரியம் இப்படிக் காது வழியாக வந்ததுதான்.

வேகம் கணக்கிட அவர் சொல்லிக்கொடுத்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன். மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பழைய பாதையில், தண்டவாளத் துண்டின் வழக்கமான நீளம் 12 மீட்டர். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதுதான் அந்தத் தடக் தடக். கண்ணை மூடிக்கொண்டு 43 விநாடிக்கு எத்தனை தடக் என்று எண்ணினால், அந்த எண்ணே மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது. பெருக்க வேண்டாம், வகுக்க வேண்டாம். இப்போதைய அகலப் பாதையான பிராட் கேஜில் துண்டு 13 மீட்டர், அதற்கு 47 விநாடி. இப்போது முக்கியப் பாதைகளில் தண்டவாளங்களைப் பற்றவைத்து நீளமாகப் போட்டுவிட்டதால் எண்ணுவதற்கு மூட்டு கிடையாது. பகலில் கிலோமீட்டர் கல்லைப் பார்க்கலாம். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, 3600-ஐ அதால் வகுக்க வேண்டும். 45 விநாடி என்றால் 80, 36 விநாடி என்றால் 100. போனில் வேகம் காட்டும் செயலி இருக்கிறதே என்று ஒரு பையன் கேட்டபோது, "இருக்கட்டும் தம்பி, அது வேகத்த மட்டும்தான் சொல்லும். நீ எண்ணிப் பாரு, பாத எப்படி இருக்குன்னும் தெரியும்" என்றார். உண்மைதான். எந்த மூட்டு தொய்ந்திருக்கிறது என்பது எண்ணுகிறவனுக்குத்தான் கேட்கும்.

புதிதாக வருகிறவர்களை அவர் நடத்திய விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரிந்தவர்கள் தெரியாதவர்களைச் சின்னவர்களாக்கிவிடுவார்கள். எஞ்சின் வகையை ஒரு எழுத்து மாற்றிச் சொல்லிவிட்டால் நாலு பேர் பாய்ந்து திருத்துவார்கள். அண்ணாச்சி அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அந்த எழுத்துகளை அவர் விளக்கும் முறை எளிது. முதல் எழுத்து பாதையைச் சொல்லும்: டபிள்யூ என்றால் பிராட் கேஜ், ஒய் என்றால் மீட்டர் கேஜ். அடுத்தது எதனால் ஓடுகிறது என்பது: டி என்றால் டீசல், ஏ என்றால் ஏசி மின்சாரம். அதற்கடுத்தது எந்த வேலைக்கு: பி பயணிகள் வண்டிக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும். இதைச் சொல்லிவிட்டு, "இப்ப நீயே சொல்லு, ஒய்.டி.எம்.-4ன்னா என்ன?" என்று கேட்பார். பையன் தானாகவே சொல்லிவிடுவான். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது கட்டப்பட்ட வருடம் என்பதையும், கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறி எதற்கு என்பதையும் இப்படித்தான் சொல்லித் தருவார். வண்டி முழுசாக வந்து சேர்ந்ததா, நடுவழியில் பெட்டி கழன்று நின்றுவிட்டதா என்பதை ஸ்டேஷன்காரர் அந்தக் குறியை வைத்துத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தபிறகு, எந்தப் பையனும் கடைசிப் பெட்டி போகும்வரை பிளாட்பாரத்தை விட்டு நகர மாட்டான்.

கோபமே வராத மனிதர் என்று சொல்ல மாட்டேன். பாதையில் நின்று எடுத்த படம் என்றால் கோபம் வரும். எதிரே வரும் எஞ்சினைத் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று எடுத்த படத்தை யாராவது காட்டினால் வாங்கிப் பார்க்கவே மாட்டார், நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தையும் வராது. 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தில் 147-ஆவது பிரிவு இருக்கிறது. அத்துமீறி ரயில்வே இடத்தில் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அவர் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. மின்சார எஞ்சின் டீசல் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வராது, வளைவில் அருகில் வந்த பிறகுதான் கேட்கும், ஒரு வண்டியின் சத்தத்தில் பக்கத்துப் பாதையில் வரும் வண்டி காதிலேயே விழாது என்று விளக்குவார். காதை நம்பியே வாழ்ந்தவர் காதை நம்பாதே என்று சொன்னதால், எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். புதியவர்கள் சேரும்போது நாங்கள் இன்றைக்கும் முதலில் சொல்வது இதைத்தான். பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, லெவல் கிராசிங் கேட்டுக்கு வெளியே, பொதுச்சாலைப் பாலத்தின் மேலே. இந்த மூன்று இடத்திலிருந்து எடுக்க முடியாத படம் நமக்கு வேண்டாம்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

அண்ணாச்சி பெரிய கேமராக்காரர் இல்லை. சாதாரண 35 எம்எம் கேமரா, ஒரே ஒரு லென்ஸ். அவர் படங்களில் பாதிக்கு மேல் ஒளியும் சரியாக இருக்காது. ஆனால் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: தேதி, நேரம், இடம், வண்டி எண், எஞ்சின் எண், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, படத்தில் யார் இருக்கிறார்கள். யாராவது நல்ல படத்தை எடுத்துவிட்டு விவரம் எழுதாமல் காட்டினால் சொல்வார்: "விலாசம் இல்லாத கடுதாசி எங்க போவும்னு எனக்குத் தெரியும் வே." ஆர்.எம்.எஸ். காரர் வாயிலிருந்து வந்ததால் அந்த வாக்கியம் எங்கள் எல்லோர் மனசிலும் ஒட்டிக்கொண்டது.

2010-இல் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதை நிற்கப் போகிறது என்று தெரிந்த நாட்களில் ஊர் ஊராக ரசிகர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். 1904-இல் திறந்த கொல்லம்–செங்கோட்டைப் பாதையின் மலைப்பகுதி அது. கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் வைத்த கல் பாலம், ஆரியங்காவுக் குகை, முன்னால் ஒன்றும் பின்னால் தள்ள ஒன்றுமாக இரண்டு ஒய்.டி.எம்.-4 எஞ்சின்கள். எல்லோரும் பாலத்தையே எடுத்தோம். எடுக்க வேண்டியதுதான், அவ்வளவு அழகு. அண்ணாச்சி பாலத்துப் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி கேட்டு அறைக்குள் போய் டோக்கன் இயந்திரத்தை எடுத்தார்.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அந்த இயந்திரம். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொன்று இருக்கும், மின்சாரக் கம்பியால் இணைந்திருக்கும். உள்ளே இரும்பு உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையிலும் எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை என்று பொறித்திருக்கும். ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால், அது மறுபடி ஏதாவதொரு இயந்திரத்துக்குள் போகும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வெளியே வராது. உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். நிற்காத வண்டி என்றால் ஓட்டத்திலேயே வளையத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி அந்த உருண்டையை, அதில் பொறித்த எழுத்து தெரிகிற மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்தார். வளையத்தின் பிரம்பு எங்கே தேய்ந்து பளபளத்திருக்கிறது என்பதை எடுத்தார். விளக்கு அறையை எடுத்தார். அட்டை டிக்கெட்டில் தேதி அழுத்தும் இயந்திரத்தை, அதை அழுத்துகிறவர் கையோடு சேர்த்து எடுத்தார்.

எஞ்சினையே எடுத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பிச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "எஞ்சின் எங்கயும் ஓடிப் போவாது வே, அருங்காட்சியகத்துல கொண்டு வைப்பான். அந்தா வளையத்தோட நிக்காரு பாத்தீரா, அந்த வேலைதான் இனி இருக்காது. அவர எடும்."

2018-இல் பிராட் கேஜாகப் பாதை மறுபடி முழுசாகத் திறந்தது. குகையும் பாலமும் இருக்கின்றன, அவற்றை இன்றைக்கும் யாரும் எடுக்கலாம். டோக்கன் வளையத்தோடு நின்ற மனிதரை இனி எடுக்க முடியாது. மாதிரி ரயில் செய்கிறவர்கள் எங்களிடம் கேட்பதெல்லாம் அண்ணாச்சி எடுத்த அந்தச் சில்லறைப் படங்களைத்தான்: விளக்கு எந்த உயரத்தில் தொங்கியது, பெயர்ப் பலகையில் மூன்று மொழியும் எந்த வரிசையில் இருந்தன, பெஞ்சுக்கு எத்தனை கால்.

பாம்பனிலும் அதையே செய்திருந்தார். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுவே கப்பலுக்கு வழிவிட்டு இரண்டாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதியை எடுக்காத ரசிகர் கிடையாது. அவர் படத்தில் தூக்குப் பகுதி ஓரத்தில் பாதிதான் தெரியும். நடுவில் இருப்பது கையால் நெம்புகோலைச் சுற்றி அதைத் திறக்கும் தொழிலாளர்கள், வியர்வையோடு. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்ததை டிவியில் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பழசு போய்விட்டதே என்று அங்கலாய்க்கிற ஆள் இல்லை அவர். "அத ஏத்தி இறக்குறவரு எந்த ரூம்ல இருந்து பாக்காருன்னு கேட்டுச் சொல்லும்" என்றார். நான் கேட்டுச் சொல்வதற்கு முன்னே அவர் போய்விட்டார்.

ஒருவர் இறந்த வீட்டில் அவர் சேகரிப்பைப் பற்றி எப்போது பேசுவது என்பது சங்கடமான கேள்வி. பதினாறு முடியும்வரை நாங்கள் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதல் வாரத்திலேயே அவர் மகளிடம் சொன்னோம்: அண்ணாச்சியின் சிம் கார்டை உடனே முடக்க வேண்டாம், ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. மின்னஞ்சல், வங்கி, படங்களைச் சேமித்த கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வெகுநாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண் வேறொருவருக்குப் போய்விடவும் கூடும். இது ரயில் ரசிகர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை, எந்த வீட்டுக்கும் பொருந்தும். இன்னொன்று, கூகுள் கணக்கில் செயல்படாத கணக்கு மேலாளர் என்று ஒரு வசதி இருக்கிறது. இத்தனை மாதம் நான் கணக்கைத் தொடவில்லை என்றால் இன்னாருக்குத் தகவல் சொல், இந்தக் கோப்புகளை இறக்கிக்கொள்ள அனுமதி கொடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அண்ணாச்சி இதைச் செய்து வைத்திருந்தார், மகள் பெயரில். தபால்காரர் இல்லையா, போய்ச் சேர வேண்டிய இடத்தை எழுதாமல் விடுவாரா?

அப்புறம் மகளே கூப்பிட்டு, டிரங்குப் பெட்டியைப் பார்க்க வரச் சொன்னார்.

பெட்டிக்குள் பழுப்புக் கவர்களில் வருட வாரியாகப் படங்களும் நெகட்டிவ்களும், நூல் கட்டிய நோட்டுகள், அட்டை டிக்கெட்டுகள், கால அட்டவணைப் புத்தகங்கள், கேசட்டுகள். எதையும் பிரிப்பதற்கு முன் பெட்டியை இருந்தபடியே போனில் படம் எடுத்தோம். ஒவ்வொரு கவருக்கும் பென்சிலால் ஒரு எண் போட்டு, அந்தக் கவருக்குள் இருந்தது வெளியே வந்தால் திரும்ப அதே கவருக்குள்தான் என்று முடிவு செய்தோம். அழகான படங்களைத் தனியே எடுத்து அடுக்கிவிட ஆசை வரும், வராமல் இருக்காது. ஆனால் விவரம் எழுதாத ஒரு படம் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க, அதே கவரில் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் படங்கள்தான் துணை. வரிசை கலைந்தால் அந்தத் துணை போய்விடும்.

நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது முகர்ந்து பார்ப்பது. வினிகர் வாடை அடித்தால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அப்படிப்பட்ட கவர்களை வேறு அறைக்கு மாற்றி, ஸ்கேன் செய்வதிலும் முதலிடம் கொடுத்தோம். மற்றவற்றை ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, ஊது பல்பால் தூசியை ஊதி, அமிலமில்லாத காகித உறையில் போட்டோம். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பிவிசி பிளாஸ்டிக் உறையும் காற்றுப் புகாத டப்பாவும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. பீரோவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தோம். அதன் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது, சூடாக்கிவிட்டுத் திரும்ப வைக்கலாம். பசை ஒட்டிய பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களை உரிக்க முயலவே இல்லை, பக்கத்தோடு அப்படியே படம் எடுத்துக்கொண்டோம்.

ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நேரம் இல்லை என்றால் முன்பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பின்பக்கம் முதலில் முடியட்டும் என்றுகூட நான் சொல்வேன். பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், இடம், எஞ்சின் எண். தெரியாத இடத்தில் ஊகத்தை எழுதாமல் "1987 அல்லது 88" என்றே எழுதினோம். அவர் எழுதியதில் பிழை என்று தோன்றினாலும் அதைத் திருத்தாமல், கீழே எங்கள் குறிப்பை எங்கள் பெயரோடு தனியாகச் சேர்த்தோம். விவரத்தைக் கோப்புக்குள்ளேயே பதித்தாலும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் உதிராது. நகல்கள் மூன்று, அதில் ஒன்று வேறு ஊரில்.

கேசட்டுகளுக்கு வந்தபோது எங்களில் யாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மலை ஏறும் ஒய்.டி.எம்.-4 எஞ்சினின் சத்தம். ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த ஆறு சிலிண்டர் எஞ்சின், ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி கேட்கும். பிராட் கேஜ் டபிள்யூ.டி.எம்.-2-வுக்குப் பதினாறு சிலிண்டர், அதன் சத்தம் வேறு. ஒலிக்கு முன்னால் அண்ணாச்சியின் குரல்: தேதி, இடம், ஏற்றத்தில் எத்தனை பெட்டி இழுக்கிறது, வானிலை. கேசட்டைப் போடுவதற்கு முன் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, முதல் தடவை ஓடவிடும்போதே கணினியில் ஏற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் நாடாவை வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றிப் போடலாம், பொறுமை இருந்தால் போதும்.

உரிமை விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிக்கொண்டோம். நம் நாட்டுச் சட்டப்படி புகைப்படத்தின் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டும் இருக்கிறது. அவர் போன பின் அது வாரிசுகளுடையது, வட்டத்துடையது அல்ல. அண்ணாச்சி உயிரோடு இருந்தபோது கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார் என்பதால் எங்களுக்கு உரிமை வந்துவிடாது. யார் என்ன செய்யலாம், விற்பனைக்கு உண்டா, பெயரை எப்படிப் போடுவது என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி மதினியும் மகளும் கையெழுத்திட்டார்கள். மனஸ்தாபம் வருவதற்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

இந்த வேலையில் எங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி மதினிதான். விவரம் எழுதாத படங்கள் ஒரு கட்டு இருந்தன. சிக்னல் கம்பத்தையும் மலையின் வடிவத்தையும் வைத்து நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தோம். காபி கொண்டு வந்த மதினி ஒரு படத்தைக் கையில் எடுத்தார். "இது பாவூர்சத்திரம்லா. அன்னிக்கு மக பொறந்து மூணு மாசம், எங்கம்மா வீட்டுக்குப் போறோம். வண்டி லேட்டு. இவுக என்னயும் புள்ளயயும் பெஞ்சுல உக்கார வச்சிட்டு சிக்னல எடுக்கப் போயிட்டாக." அவ்வளவுதான், ஊரும் கிடைத்தது, வருடமும் கிடைத்தது, மாதம்கூடக் கிடைத்தது. அதற்குப் பிறகு படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டி மதினியை உட்கார வைத்தோம். அவருக்கு எஞ்சின் வகை எதுவும் தெரியாது, ஆனால் எந்தப் படத்தின்போது மழை, எந்தப் படத்தின்போது யாருக்குக் காய்ச்சல், எந்த ஊர் ஸ்டேஷனில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் தெரிந்தது. ரசிகர்களின் வீட்டுப் பெண்களை இதில் சேர்ந்தவர்களாக நாம் நினைப்பதே இல்லை. பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். அவர்களிடமும் கேளுங்கள், அதுவும் சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேளுங்கள். ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார்.

நினைவுக் கூட்டத்தை மண்டபம் பிடித்து, பேனர் வைத்து நடத்தவில்லை. அவர் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலுமாக உட்கார்ந்தோம். முகத்தையே அதுவரை பார்த்திராதவர்கள், போனில் அவர் குரலை மட்டுமே கேட்டவர்கள், எங்கெங்கோ இருந்து வந்திருந்தார்கள். புகழ்ந்து பேச வேண்டாம், அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஒருவர் 43 விநாடிக் கணக்கைச் சொன்னார். ஒரு கல்லூரிப் பெண், பெண்பிள்ளை தனியாக ஸ்டேஷனில் கேமராவோடு நின்றால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று தயங்கியபோது, அண்ணாச்சி முதல் நாள் கூட வந்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் அறிமுகம் செய்துவைத்துவிட்டுத் திரும்பிப் போனதைச் சொன்னாள். இப்போது அவள் தன் கல்லூரியில் இளையவர்களுக்கு அதையே செய்கிறாள். மதினி ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் சொன்னதை எழுதி, அச்சிட்டு, தைத்து அவர் கையில் கொடுத்தோம். திரையில் படிக்க அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தோம்.

டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்த கடைசி நோட்டின் தலைப்பு "கேக்கணும்". பக்கம் பக்கமாகக் கேள்விகள், அவருக்குப் பதில் கிடைக்காதவை. நீராவிக் காலத்தில் ஆரியங்காவுக் குகைக்குள் போகும்போது புகைக்கு டிரைவரும் ஃபயர்மேனும் முகத்தில் ஈரத்துண்டு கட்டுவார்களா? பின்னால் தள்ளும் எஞ்சினுக்கு முன் எஞ்சினிலிருந்து எத்தனை விசில்? மலையில் மண் சரிந்த ராத்திரி சேதி யார் மூலமாக வந்தது? பதில் கிடைத்த கேள்விக்குப் பக்கத்தில் சொன்னவர் பெயரும் தேதியும் எழுதி ஒரு டிக் போட்டிருக்கிறார். நிறைய கேள்விகளுக்கு டிக் இல்லை.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இப்போது நாங்கள் வீடு வீடாகப் போகத் தொடங்கியிருக்கிறோம். அந்தப் பாதையில் ஃபயர்மேனாக இருந்த ஒரு பெரியவர் ஈரத்துண்டுக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே, கட்டாமல் எப்படி, ஒன்றை முகத்துக்கும் ஒன்றைக் கழுத்துக்கும் கட்டுவோம் என்றார். அதற்கு டிக் போட்டாயிற்று. செங்கோட்டையில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் விசில் கேள்விக்கு நேரில் வந்தால்தான் சொல்வேன் என்கிறார். காலையில் வாருங்கள், மத்தியானத்துக்கு மேல் காது சரியாகக் கேட்காது என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்குப் போகிறோம். ரெக்கார்டரோடு மீட்டர் கேஜ் சத்தம் இருக்கும் கோப்பையும் எடுத்துக்கொண்டு போகலாம், அதைப் போட்டுக் காட்டினால் அவருக்கு இன்னும் நினைவு வரும் என்று அந்தக் கல்லூரிப் பெண் சொன்னாள். நல்ல யோசனை.